பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம்



கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: "பிள்ளையை எங்கே சேர்ப்பது?" வாளையாற்றைக் கடந்து வந்து கஞ்சிக்கோட்டிலும் சந்திர நகரிலும் புதுசேரியிலும் (பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி அன்று; நம் பாலக்காட்டுப் புதுசேரி) குடியிருக்கும் குடும்பங்களானாலும் சரி, தேவிகுளம் மலைத்தோட்டங்களில் பல தலைமுறையாகக் கொழுந்து பறித்து வாழும் குடும்பங்களானாலும் சரி, பிள்ளை ஏழாம் வகுப்பைத் தாண்டியதும் இவ்வினா எழுந்துவிடுகிறது. கேரளத்தில் உயர்நிலைப்பள்ளி என்பது எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஏழு வரை வீட்டுக்கு அருகில் ஏதோ ஒரு தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, எட்டாம் வகுப்புக்கு வேறு வாசலைத் தேடிப் போயாக வேண்டும். அவ்வாறு தேடும்போது முதலில் கண்ணில் படுவது, பெரும்பாலும், நகரத்தின் ஓரத்தில் மதிற்சுவரும் மணிக்கூண்டும் மாதாவின் சிலையுமாக நிற்கும் கத்தோலிக்கப் பள்ளிதான்.

என் அண்டை வீட்டார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். கஞ்சிக்கோட்டில் சிறியதொரு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு நாள் இரவு, கடையை அடைத்துவிட்டு நேரே என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"ஏனுங்கண்ணா, நாளைக்குக் காலையில கொஞ்சம் கூட வர முடியுங்களா? அம்மிணியைப் பெரிய பள்ளிக்கூடத்துல சேர்க்கோணும். சிஸ்டர்கிட்டப் பேச எனக்கு வாய் வராதுங்க" என்றார்.

"பதினைந்து ஆண்டாக இங்கே இருக்கிறீரே, இன்னுமா மலையாளம் வரவில்லை?" என்று கேட்டேன்.

"பேரம் பேச வருமுங்க. படிப்பைப் பத்திப் பேச வராதுங்க" என்றார்.

மறுநாள் அவருடன் சென்றேன். அப்பள்ளியின் பெயரை இங்கே குறிப்பிடுவதற்கில்லை. கோயமுத்தூர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஓடு வேய்ந்த பழைய கட்டடம் ஒன்று. அதை ஒட்டி மூன்று அடுக்குப் புதிய கட்டடம். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் படிக்கட்டுகள் வேறு, வகுப்பறை ஒன்றே. அலுவலக எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு மளமளவென்று கேள்விகளை அடுக்கினார். "அச்சன்றெ பேர்?" என்றார். நம்மவர் என் முகத்தைப் பார்த்து, "எந்த அச்சனுங்க? கோயில் அச்சனா, வீட்டு அச்சனா?" என்றார். எழுத்தர் சிரித்துவிட்டார். மலையாளத்தில் தகப்பனும் அச்சன், பாதிரியாரும் அச்சன். பள்ளிக்கும் அதே குழப்பம் உண்டு. தமிழில் பள்ளி என்றால் கல்விச்சாலை. மலையாளத்தில் பள்ளி என்றால் மாதா கோயில், மசூதியும் கூட. முற்காலத் தமிழில் சமண முனிவர் உறைந்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர் இருந்ததை எண்ணினால், இரண்டு மொழிகளும் ஒரே சொல்லின் இரு கரைகளில் நிற்பது விளங்கும்.

சிரிப்பு அத்துடன் முடிந்தது. படிவம் நிறைந்ததும் எழுத்தர் அதை எங்கள் பக்கம் திருப்பி, கையொப்பமிடும் இடத்தைக் காட்டினார். நண்பர் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். "தாய்மொழி" என்ற கட்டத்தில் "மலையாளம்" என்று எழுதியிருந்தது.

நான் ஏன் அவர் கையைப் பிடித்தேன் என்பதைச் சொல்லுமுன், இப்பள்ளிகள் எவ்வாறு இங்கு வேரூன்றின என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். நம்மவரில் பலர் இவற்றைப் 'பணக்காரர் பள்ளி' என்றோ 'மதப் பள்ளி' என்றோ எண்ணி ஒதுங்குகின்றனர். வேறு சிலர் இங்கே பிள்ளையைச் சேர்த்துவிட்டாலே பாதி உத்தியோகம் கிடைத்ததுபோல் மகிழ்கின்றனர். இரண்டும் சரியல்ல.

கேரளத்துக் கத்தோலிக்கரிடையே பள்ளிக்கூட முயற்சிக்கு முன்னோடியாக விளங்கியவர் சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகளார். கோட்டயத்தை அடுத்த மான்னானத்தில் 1846-ஆம் ஆண்டிலேயே சமஸ்கிருதப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். 1864-ஆம் ஆண்டில் ஆலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. ஆணையிடுவது எளிது; பசித்த வயிற்றோடு வரும் ஏழைப் பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பது எளிதன்று. அதற்கு அடிகளார் கண்ட வழி பிடியரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, அதனைப் பள்ளிக்குத் தருவது. நம் ஊர்களிலும் கோயிலுக்கும் மடத்துக்கும் பிடியரிசி எடுக்கும் வழக்கம் உண்டு. ஆதலால் இது நமக்குப் புதுமையன்று. அடிகளார் 2014-ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டார். தொடங்கும்போது இப்பள்ளிகள் பணக்காரருக்காக எழுந்தவை அல்ல என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன். பின்னால் ஆங்கிலமும் கட்டணமும் வந்து சேர்ந்தது வேறு கதை.

பாலக்காட்டுப் பகுதியில் இன்னொரு விந்தை உண்டு. இதனை நம்மில் பலர் கவனித்ததில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தப்பட்டபோது, சென்னை மாநிலத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்துடன் பாலக்காடு கேரளத்துக்குச் சென்றது. சிற்றூர்ப் பகுதி அதற்கு முன்பே கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்தது. எனவே எருத்தேன்பதியிலும் வடகரப்பதியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ் பேசி வாழ்ந்தவர்கள், தாங்கள் ஓர் அடி நகராமலே வேறு அரசின் குடிமக்களாகி நின்றார்கள். எல்லைக்கோடு அவர்களுக்கு மேலாக நடந்துபோயிற்று. ஆனால் இலத்தீன் முறைக் கத்தோலிக்கத் திருச்சபை தன் எல்லையை அப்போது மாற்றிக்கொள்ளவில்லை. பாலக்காட்டுப் பகுதியின் இலத்தீன் ஆலயங்கள் பல கோயமுத்தூர் ஆயரின் கீழேயே தொடர்ந்தன. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் என்று புதியது ஒன்று, கோயமுத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. அரசாங்கத்தின் கோடு நகர்ந்து 57 ஆண்டுகள் கழிந்த பின்னரே திருச்சபையின் கோடு நகர்ந்தது. தமிழில் பூசை கேட்கும் ஆலயங்கள் இப்பகுதியில் இன்றும் இருப்பதற்கு இந்த நீண்ட தொடர்பும் ஒரு காரணம்.

இதற்குப் புறம்பாக, 1974-ஆம் ஆண்டில் அமைந்த பாலக்காட்டுச் சீரோ மலபார் மறைமாவட்டமும் இங்கு உண்டு. அதன் மக்கள் மலையாளம் பேசுவோர். பலர் தெற்கேயிருந்து குடியேறியவர்கள். ஆகவே, 'கத்தோலிக்கப் பள்ளி' என்று ஒரே பெயரால் நாம் சொல்வது பல வகைப்பட்டது. எந்த நிருவாகத்தின் பள்ளி, எந்த மொழியில் பேசும் சகோதரிகள், அரசின் உதவி பெறுவதா பெறாததா என்று விசாரியாமல், மாதாவின் சிலையை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறாகும்.

மலைப்பகுதியின் வரலாறு வேறு. மூணாற்றிலுள்ள கார்மல் மாதா ஆலயம் 1898-ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த கார்மல் சபைத் துறவி அல்போன்ஸ் அடிகளால் நிறுவப்பெற்றது. 2024-ஆம் ஆண்டில் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அதன் முதல் மக்கள் யார்? தோட்ட வேலைக்கு மலையேறி வந்த தமிழர்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். அங்கே மாதா கோயிலும் தமிழும் ஒன்றாகவே மலையேறின எனலாம். பின்னர், தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துடன் சேர வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டில் கிளர்ச்சி நடந்ததையும், தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதையும் முதியவர்கள் அறிவார்கள். 1955-ஆம் ஆண்டில் மலைப்பகுதியில் அரசின் குடியேற்றத் திட்டம் தொடங்கிற்று. குடும்பத்துக்கு 5 ஏக்கர் நிலம். சமவெளியிலிருந்து வந்த குடும்பங்கள் காட்டைத் திருத்தி, ஓலைக் கொட்டகையில் ஆலயமும் அதன் அருகே பள்ளியும் கட்டினார்கள். அந்தப் பள்ளிகளின் மொழி மலையாளம். இவ்வாறு ஒரே மலையில், ஒரே மதத்தின் பெயரால், தமிழ் நாவும் மலையாள நாவும் கொண்ட இருவகைப் பள்ளிகள் தோன்றின. குடியேறியவர்கள் மீது நாம் வருத்தம் கொள்வதற்கில்லை. அவர்களும் வயிற்றுக்காக வந்தவர்களே, நம்மைப் போல.

இனி, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதைப் பற்றி. நம் தாய்மார்கள் பலருக்கு இதில்தான் கலக்கம். "வயது வந்த பெண்ணைப் பையன்களோடு உட்கார வைப்பதா?" என்கிறார்கள். இந்தக் கலக்கம் நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையே நெடுங்காலம் இதே கலக்கத்தில் இருந்தது. 1929-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளன்று பதினோராம் பத்திநாதர் என்ற பாப்பரசர் கல்வியைக் குறித்து விடுத்த சுற்றுமடலில், இருபாலரும் கூடிப் பயிலும் முறையைத் தவறானதென்றே கண்டித்தார். 1957-ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து வந்த அறிவுரையும் பொதுவில் அதனை ஏற்கவில்லை. ஆயினும், இரண்டு பள்ளிகள் கட்டப் பொருள் இல்லாத இடங்களில், தக்க ஏற்பாடுகளுடன் ஒரே பள்ளியில் இருபாலரையும் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. அந்தத் தனித்தனிப் படிக்கட்டுகள் எங்கிருந்து வந்தன என்று நான் அன்று வியந்தேன். இத்தகைய அறிவுரைகளின் நிழல்தான் அது என்று பிற்பாடு தோன்றிற்று.

ஆக, நம் எல்லைப்புறங்களில் இருபாலர் பள்ளி தோன்றியதற்குக் கொள்கையைவிட வறுமையே பெரிய காரணம். ஓர் ஊருக்கு ஒரு கட்டடம், ஒரு கிணறு, ஒரு கணக்காசிரியர். அதைப் பிரித்தால் பெண் பிள்ளைக்கே பள்ளி இராது. வறுமை செய்த நன்மைகளுள் இதுவும் ஒன்று. 2022-ஆம் ஆண்டு ஜூலையில் கேரளத்தின் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம், ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனித்து இயங்கும் பள்ளிகளையும் இருபாலர் பள்ளிகளாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணை எவ்வளவு வேகமாக நடைமுறைக்கு வரும் என்பது வேறு வினா. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அது காட்டுகிறது.

என் அநுபவத்தில் ஒன்றைச் சொல்வேன். நம் பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்பை முடியாமல் நின்றுபோவதற்குப் பையன்கள் காரணமாக இருந்ததை நான் கண்டதில்லை. பேருந்து நேரமும், கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமையும், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையும் காரணமாக இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். சேர்க்கைக்குப் போகும் தாய்மார்கள் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இப்போது படிவத்துக்கு வருவோம்.

நம் அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக இருப்பவர்கள் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை உடையவர்கள் என்று கூறுகிறது. கேரளக் கத்தோலிக்கர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கேடயமாகப் பிடித்த வரலாறு சிறியதன்று. 1957-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் நியமனத்தையும் சம்பளத்தையும் ஒழுங்குபடுத்த முனைந்தது. ஆசிரியர்களுக்கு அதில் பெரும் நன்மைகள் இருந்தன. முண்டசேரி தாமும் கத்தோலிக்கரே. திருச்சூர் புனித தோமா கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். குடியரசுத் தலைவர் அம்மசோதாவைச் சுப்ரீம் கோர்ட்டின் கருத்துக்கு அனுப்பினார். 1958-ஆம் ஆண்டு மே மாதத்தில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் முதலானோர் அளித்த கருத்து, சிறுபான்மையோர் உரிமைக்கு இன்றும் அடிப்படையாக நிற்கிறது. ஆயினும் போராட்டம் அடங்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாளன்று அந்த மந்திரி சபை நீக்கப்பட்டது. ஒரு மந்திரி சபை வீழ்ந்ததற்குப் பள்ளிக்கூடம் ஒரு முக்கிய காரணமாயிற்று என்றால், இந்நாட்டில் பள்ளிக்கூடம் எத்தகைய பொருள் என்று பாருங்கள்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது, அந்த வாக்கியத்திலுள்ள இன்னொரு சொல்: "மொழியாலோ". 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் டி. எம். ஏ. பாய் வழக்கில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, யார் சிறுபான்மையினர் என்பதை மாநிலத்தை அளவாகக் கொண்டே கணிக்க வேண்டும் என்று கூறிற்று. அதன்படி கேரளத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். கத்தோலிக்கர்களைக் காக்கும் அதே பிரிவு நம்மையும் காக்கிறது. அவர்கள் அதை அறிந்திருக்கிறார்கள். நம்மில் பலர் அறியவில்லை. 1956-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கிடைக்கச் செய்ய அரசுகள் முயல வேண்டும் என்கிறது.

இந்த உரிமைகள் எல்லாம் வகுப்பறைக்குள் நுழையும்போது ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றன. 1949-ஆம் ஆண்டிலேயே மாகாணக் கல்வி மந்திரிகள் கூடி ஒரு கணக்கு வகுத்தார்கள்: தொடக்கப்பள்ளியில் மொத்தம் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் சிறுபான்மை மொழியினராக இருந்தால் அவர்கள் மொழியில் கற்பிக்க ஆசிரியர் தரவேண்டும். உயர்நிலை வகுப்புகளுக்குப் பின்னர் 60, 15 என்ற கணக்கு வந்தது. கேரளத்து உதவி பெறும் பள்ளிகளில், பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளன்று தலைகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டே அவ்வாண்டு எத்தனை ஆசிரியர் இடங்கள் என்பது தீர்மானமாகும். நியமிப்பவர் பள்ளியின் மேனேஜர். சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஏழாவது நாள் நீங்கள் போய் "என் பிள்ளைக்குத் தமிழாசிரியர் வேண்டும்" என்றால், மேனேஜர் மனம் வைத்தாலும் உடனே ஒன்றும் நடவாது.

அந்த எண்ணிக்கைக்கு ஆதாரம் எது? பதிவேடு. பதிவேட்டுக்கு ஆதாரம்? நாம் கையொப்பமிடும் படிவம். மத்திய அரசு எடுக்கும் 'யூடைஸ்' பள்ளிக் கணக்கிலும் மாணவனின் தாய்மொழிக்கென்று தனிக் கட்டம் உண்டு.

நான் என் நண்பரின் கையைப் பிடித்த காரணம் இதுதான். ஏனெனில், என் கையைப் பிடிக்க அன்று ஒருவரும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில், என் மகனைச் சேர்த்தபோது நான் படிவத்தைப் படித்துப் பார்க்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து எங்கள் தெருவிலுள்ள பெற்றோர் சிலர் ஒன்றுகூடி, தமிழை முதல் மொழியாகப் படிக்க ஏற்பாடு வேண்டுமென்று மனுக் கொடுத்தோம். தலைமையாசிரியர் கடிந்து பேசவில்லை. பதிவேட்டை எடுத்து எங்கள் முன் விரித்தார். எங்கள் தெருவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் இருந்தனர்; பதிவேட்டில் ஆறு பேர்தாம் தமிழர். என் மகனின் பெயருக்கு நேரே "மலையாளம்" என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. மனுவை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

என் மகன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான். மலையாளத்தில் கட்டுரை எழுதுவான். அதைப் பற்றி எனக்குப் பெருமையே. ஆனால் அவன் பாட்டி உடுமலைப்பேட்டையிலிருந்து எழுதிய கடிதங்களை, அவள் இருந்தவரை, நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பான். அவளுக்கு அவன் ஒரு வரியும் தன் கையால் எழுதியதில்லை.

மலையாளம் கற்க வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி, கேரளத்தில் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கற்பிக்கப்பட வேண்டும். நாம் வாழும் நாட்டின் மொழியை நம் பிள்ளை பிழையின்றி எழுதுவது நன்றே. அதற்காகத் தாய்மொழிக் கட்டத்தில் பொய் எழுத வேண்டிய தேவை இல்லை. மேல்நிலை வகுப்புகளில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன என்பதால், தமிழ் வழியில் படித்த பிள்ளை பதினோராம் வகுப்பில் முதல் சில மாதங்கள் தடுமாறும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். முழுவதும் தமிழ் வழியா, தமிழை ஒரு பாடமாக மட்டும் வைத்துக்கொள்வதா என்பதை அவரவர் பிள்ளையின் தன்மை பார்த்து முடிவு செய்க. என் எண்ணத்தில், பாடமாகவேனும் தமிழ் இருந்தே ஆகவேண்டும்.

படிவத்தில் வேறு இரு கட்டங்களையும் கவனிக்க வேண்டும். ஒன்று பெயர். நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கிறோம்; இங்கே பின்னால் வைக்கும் வழக்கம் மிகுதி. ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னுமாக இருந்தால் பிற்காலத்தில் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. இரண்டாவது மதமும் சாதியும். தோட்டப் பகுதிகளில் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தமிழ்க் குடும்பங்கள், 1950-ஆம் ஆண்டுக்கு முன்பே தம் முன்னோர் இங்கு குடியிருந்ததற்குச் சான்று காட்ட இயலாமல் சாதிச் சான்றிதழுக்கு அலைவதை அறிவீர்கள். அவ்வேளையில் முன்னோர் படித்த பழைய பள்ளிப் பதிவேடு பெரிய துணையாகும். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களின் நிலை சட்டத்தில் வேறாக இருப்பதால், இந்தக் கட்டத்தை எழுத்தரின் ஊகத்துக்கு விடலாகாது. பெயர், மதம், பிறந்த நாள் ஆகியவை ஒருமுறை பதிவாகிவிட்டால் மேலதிகாரியின் அநுமதியின்றி மாற்ற இயலாது என்பது கேரளக் கல்வி விதி.

கட்டணம் குறித்தும் ஒரு சொல். உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை கற்பிப்புக் கட்டணம் இல்லை. உதவி பெறாத பள்ளியில் உண்டு. "ஏழைகளுக்குக் கால் பங்கு இடம் இலவசமாமே" என்று சிலர் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த ஏற்பாடு சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் வேறொரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பிற்று. ஆதலால் கத்தோலிக்கப் பள்ளி வாசலில் அந்தச் சட்டத்தைக் காட்டி வாதிட்டுப் பயனில்லை. கட்டணச் சலுகை வேண்டுமானால் நேரே கேளுங்கள். பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

மூணாற்றுப் பக்கத்து நேயர்களுக்கு இந்த எண்ணிக்கைத் தொல்லை வேறு வடிவில் இருக்கிறது. அங்கே தமிழ் வகுப்புகள் உள்ளன. ஆனால் வசதி பெற்ற குடும்பங்கள் ஆங்கிலப் பள்ளிக்கும், மற்றவர்கள் போடி, கம்பம் பக்கத்து விடுதிகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிடுவதால் வகுப்புகள் மெலிகின்றன. பத்து வயதுப் பிள்ளையை மலையிறக்கி விடுதியில் விடும் தாயின் துயரத்தை நான் இங்கிருந்து எழுதிக் காட்ட இயலாது. அதைக் குறித்து அங்குள்ள நேயர் ஒருவரே எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

அன்று பள்ளியில் நடந்ததை முடித்துவிடுகிறேன். எழுத்தர் சற்றுச் சினந்தார். "எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறோம்" என்றார். நாங்கள் தலைமையாசிரியையான சகோதரியிடம் சென்றோம். அவர் படிவத்தைப் பார்த்தார். நண்பரின் மகளைப் பார்த்தார். "வீட்டில் அம்மாவிடம் எந்த மொழியில் பேசுவாய்?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"தமிழில், சிஸ்டர்" என்றாள் குழந்தை.

சகோதரி சிவப்பு மையினால் அடித்துவிட்டு, "தமிழ்" என்று எழுதி, தம் கையொப்பமும் இட்டார். பிறகு எங்களை உட்காரச் சொன்னார். அப்பள்ளியில் முன்பு ஒரு தமிழாசிரியை இருந்தாராம். அவர் ஓய்வு பெற்ற ஆண்டில் எண்ணிக்கை குறைந்து அந்த இடம் போய்விட்டதாம். "தமிழ்க் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இடைவேளையில் மரத்தடியில் நின்று தமிழில்தான் சண்டை போடுகிறார்கள். காகிதத்தில் இல்லாதவர்களை நான் எப்படி மேலே எழுதுவது?" என்றார். எட்டாம் வகுப்பில் இப்போது பதினொரு பேர், இந்தக் குழந்தையோடு சேர்த்து. பதினைந்தாவது ஆனால் எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் நண்பர் விரல்விட்டு எண்ணினார். "நம்ம பட்டறையில வெல்டிங் பண்ற தம்பி பையன் ஒண்ணுங்க. மார்க்கெட்டுக்குப் பின்னால கம்பத்துக்காரங்க வீட்டுல ரெண்டு. இன்னும் ஒண்ணு வேணுமுங்களே, அண்ணா?"

அந்த வெல்டிங் தம்பி தன் மகனை முன்பே சேர்த்துவிட்டாராம். கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்று அவருக்கு நினைவில்லை. ஆறாவது வேலைநாளுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் மார்க்கெட்டுப் பக்கம் புறப்படுகிறோம். கஞ்சிக்கோடு, புதுசேரிப் பகுதிகளில் எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையுள்ள நேயர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் சொல்லி வைத்தால், அவர்கள் வீட்டுக்கும் வருகிறோம்.